கேப்டனின் தங்கை

போன ஞாயிற்றுக்கிழமை செமிலிங்கிலிருந்து சின்னம்மா புக்கிட் செலம்பாவில் இருக்கும் என் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். அம்மா என்னோடுதான் இருக்கிறார். அண்ணனும் வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும், எஸ்டேட்டில் இருந்தபோது வாராவாரம் நாங்கள் பார்த்த விண்வெளிக் கப்பல் தொடரிலிருந்து ஒரு பாகத்தைத் தேடிப்பிடித்து டிவியில் போட்டேன். வெள்ளி நிறத் தோலோடு ஒரு பெண் வருவாளே, அந்தப் பாகம்.

அந்தக் காலத்தில் எங்கள் வரிசை வீடுகளில் பெரியவர்கள் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. திரையில் கீழே ஓடும் மலாய் எழுத்தை வாசிக்க எனக்கு வயது போதாது. டவுன் பள்ளிக்கூடத்தில் மலாயும் கொஞ்சம் இங்கிலீஷும் படித்த அண்ணன்தான் எல்லாருக்கும் தமிழில் சொல்லுவார். அன்றைக்கு அவர் சொன்ன கதை இதுதான்: கேப்டன் தன் தங்கையோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அவள் கோபித்துக்கொண்டு வேறு கிரகத்துக்கே போய்விட்டாள். தேடி வந்தவரைப் பார்த்து, "இத்தனை நாளா எங்க போயிருந்த?" என்று கேட்கிறாள். கேப்டன் கண்ணீர் விடுகிறார்.

டிவி பார்க்க வந்திருந்த அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் மூக்கைச் சிந்தினார்கள். அப்போது அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சின்னம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் போன எங்கள் அண்டா நெளிந்து திரும்பியதால் வந்த வினை. மறுநாள் காலையிலேயே அம்மா பஸ் ஏறிச் செமிலிங் போய், தங்கையைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

இந்த முறை மலாய் எழுத்தை நானே வாசித்துச் சொன்னேன். வெள்ளி நிறப் பெண் யாருக்கும் தங்கை இல்லை. அந்தக் கிரகத்தின் சுகாதார அதிகாரி. கப்பலில் தொற்று இருக்கிறது, யாரும் இறங்கக்கூடாது என்கிறாள். கேப்டனின் கண்ணிலிருந்து வழிந்தது நோயின் அறிகுறி.

அம்மா மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சின்னு சொன்னியேடா?"

அறுபதை நெருங்கும் அண்ணன் கையில் இருந்த முறுக்கைத் தட்டில் வைத்தார். "அவங்க படபடன்னு பேசுனாங்கம்மா. எழுத்தும் வாசிக்கிறதுக்குள்ள மறைஞ்சுரும். எனக்குப் பாதி புரியல. எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் என்னதான் செய்யுறது?"

"அப்ப நான் இவகிட்ட சும்மாவா மன்னிப்புக் கேட்டேன்?"

"கேட்டது கேட்டதுதான் லா, அக்கா," என்றார் சின்னம்மா. "அதெல்லாம் இப்ப திருப்பித் தர முடியாது."

"அண்டாவ நெளிச்சது நீதானே?"

"வரும்போதே நெளிஞ்சுதான் வந்துச்சு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. இந்த வயதில் இருவரும் மறுபடி பேசாமல் போய்விட்டால், யாரைச் சமாதானத்துக்கு அனுப்புவது? அண்ணனோ, இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லவேளை, அடுத்த பாகம் தானாகவே ஓடத் தொடங்கியது. தலைக்கவசம் போட்ட இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று ஏதோ வாதாடினார்கள். கனிமச் சுரங்கம், எல்லை, ஒப்பந்தம் என்று நான் வாசித்துக்கொண்டே போனேன். அம்மா கொட்டாவி விட்டார்.

"நீ சொல்றது ஒன்னும் நல்லா இல்ல. டேய், நீ சொல்லுடா."

அண்ணன் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "இவங்க ரெண்டு பேரும் சம்பந்திங்கம்மா. கல்யாணத்துல சாப்பாடு பத்தாம போச்சு..."

சின்னம்மா நாற்காலியை அம்மாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"இதுல யாரு பொண்ணு வீடு?"