இடது காலுக்கு ஜெல், வலது காலுக்குப் பச்சிலை

போன வாரம் என் மதினி வலது காலில் பெரிய கட்டு ஒன்று போட்டுக்கொண்டு படுத்திருந்தார். புண் இருந்தது இடது காலில்!

அச்சுப்பிழை என்று ஆசிரியரைத் திட்டிவிடாதீர்கள். விஷயமே அதுதான்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி ராணி. போடியில் எனக்கு அடுத்த தெரு. விடிவதற்குள் ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளில் சுற்றிச் சுற்றி மேலே போய், ஏலத்தோட்டத்தில் காய் பறித்துவிட்டுப் பொழுது சாய இறங்குகிறவர். கூடவே சர்க்கரை நோயும் உண்டு.

மழைக்காலத்தில் ஒரு நாள் கணுக்காலுக்குக் கீழே ரத்தம் வழிந்திருக்கிறது. வெட்டிவிட்ட செடியின் கூர்முனை குத்தியிருக்கிறது. ஆனால் வலிக்கவில்லை. வலிக்காமல் ரத்தம் வந்தால் மலையில் எல்லோருக்கும் ஒரே பதில்தான் — அட்டை! மதினியும் அட்டைக்கடி என்றே நினைத்து, புகையிலைத் தூளைத் தேய்த்துவிட்டு வேலையைப் பார்த்தார். அட்டை கடித்தாலும் வலிக்காது... சர்க்கரையில் மரத்துப்போன காலில் கட்டை குத்தினாலும் வலிக்காது. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

புண் ஆறவே இல்லை. ஒரு நாள் காய்ச்சலில் செடிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்துவிட்டார். கூட வேலை பார்க்கும் பேச்சியும் மற்ற பெண்களும்தான் தூக்கிவந்து ஜீப்பில் கிடத்தினார்கள்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுத்தம் செய்தார்கள். இனியும் ஆறாவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். மதினி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பாதம் போனால் மலை போயிற்று, ஜீப் போயிற்று, கூட்டாளிகள் போயிற்று.

அங்கிருந்த இளம் டாக்டரம்மாதான், ஒன்று முயன்று பார்க்கலாம் என்றார். இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் மருந்து, பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது — எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கி, சம்மதம் கேட்டு, அப்புறம்தான் ஊசிக்குழலை எடுத்துக் காட்டினார். பார்த்தால் வெறும் தண்ணீர்!

"இதுக்குப் பேரு பெப்டைடு. புரோட்டீனோட சின்னச் சின்னத் துண்டுன்னு வச்சுக்கங்க. இப்போ தண்ணியில தனித்தனியா மிதக்குது. புண்ணுல இருக்கிற உப்பு பட்டதும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து நூலாகும், நூலெல்லாம் வலையாகும், ஜெல் மாதிரி உறைஞ்சிரும். கிருமியைக் கொல்ற மருந்து அந்த வலைக்குள்ள இருந்து கொஞ்சம் கொஞ்சமா கசியும். புதுச் சதை வலையைப் பிடிச்சுக்கிட்டு வளரும். அப்புறம் வலையே கரைஞ்சு போயிரும்."

"வலைய யாரு பின்னுவா?" என்று கேட்டார் மதினி.

"யாரும் இல்லம்மா. அதுவே பின்னிக்கும்" என்றபடி மருந்தைப் புண்ணில் இறக்கிக் கட்டுப் போட்டார்.

அதுவேயா? பஸ்சில் ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டும் வரை எனக்கு அதே நினைப்பு. விடியற்காலையில் எங்கள் ஊர் ஜீப் ஸ்டாண்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சந்துகளிலிருந்து தூக்குவாளியோடு ஒவ்வொருவராக வருவார்கள். பனியில் முகம் தெரியாது. யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இடம் காட்டுவதில்லை. ஒரு தோள் பட்டதும் இன்னொரு தோள் கொஞ்சம் நகரும்... சற்று நேரத்தில் ஜீப் நிறைந்துவிடும். மதினியின் கணுக்காலுக்குள்ளும் இப்போது அப்படித்தான் நடக்கிறதோ? ஜன்னலுக்கு வெளியே மலை நீலமாக மிதந்தது. நானும் அதோடு மிதந்துகொண்டிருந்தேன்.

டாக்டரம்மா கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். காலை ஊன்றக் கூடாது. முக்கியமாக, அடுத்த வாரம் அவரே பிரிக்கும்வரை கட்டை யாரும் தொடக் கூடாது.

யாரும் தொடக் கூடாதா? போடியிலா?

நம் ஆட்கள் புண்ணைப் பார்க்க வந்தால் புண்ணைப் பார்க்காமல் போவார்களா? ரொட்டியும் ஆரஞ்சும் கீழே வைத்த கையோடு, "பிரிச்சுக் காட்டு ஆத்தா, பாப்போம்" என்பார்கள். ஆளுக்கு ஒரு கைவைத்தியம் வேறு மடியில் இருக்கும். முதல் நாளே ராசிங்காபுரத்துச் சித்தி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக்கொண்டு வந்து, நேராகக் கட்டின் முடிச்சில் கைவைத்தார். நான் போட்ட கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. சித்தி காபியைக்கூடத் தொடாமல், முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

மதினி மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"ஏத்தா, அந்தப் பேண்டேஜ் சுருளக் கொண்டா."

கொடுத்தேன். நிதானமாகத் தன் வலது காலில் சுற்ற ஆரம்பித்தார்.

"மதினி! அது நல்ல காலு!"

"நல்ல காலுதான். வர்றவுக மனசும் நோகக் கூடாது, புண்ணும் கலையக் கூடாது. வேற என்ன செய்யச் சொல்ற?"

இடது கால் தலையணை மேல் கம்பளிக்குள் ஒளிந்துகொண்டது. வலது கால் வெளியே வந்து வரவேற்பில் உட்கார்ந்தது. வந்தவர்கள் பிரித்தார்கள், பார்த்தார்கள். "அட, தழும்புகூட இல்லாம ஆறிருச்சே!" என்று வியந்தார் ஒருவர். "உள்ரணமா இருக்கும்" என்று நல்லெண்ணெய் தடவினார் இன்னொருவர். நான் சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினேன்.

நடுவில் கிடைத்த மத்தியானங்கள்தான் எத்தனை அழகு! எங்கோ ஏலக்காய் தரம் பிரிக்கிறார்கள் போலும், தெருவெல்லாம் வாசம். மதினி கண்ணயர்ந்திருப்பார். நான் கம்பளியையே பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே, சத்தமே இல்லாமல், ஆள் இல்லாமல், நூல் நூலாக... பார்க்கப் பார்க்க எனக்கே தூக்கம் வந்துவிடும்.

ஒரு சாயங்காலம் பேச்சி வந்தாள். ஜீப்பிலிருந்து இறங்கிய கூட்டம் அப்படியே வீட்டுக்குள் வந்துவிட்டது. காலெல்லாம் சேறு, உடம்பெல்லாம் ஏலக்காய் மணம். பேச்சி கையில் ஒரு கொத்து 'கம்யூனிஸ்ட் பச்சை'. மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளப் பெயர் அது. வெட்டுக்காயம் என்றால் எஸ்டேட்டில் முதலில் கசக்குவது அந்த இலையைத்தான்.

எனக்குத் திக்கென்றது. மதினியைத் தூக்கி வந்தவளே பேச்சிதானே?

பேச்சி வலது கால் கட்டைப் பிரித்தாள். வெறும் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இலையைக் கசக்கி, சாற்றை அந்தக் கணுக்காலில் மெதுவாகத் தேய்த்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து தேய்த்தார்கள். வாசலில் இருட்டு கூடிக்கொண்டிருந்தது. அறை முழுக்கப் பச்சை வாசம். மதினி கண்ணை மூடிக்கொண்டார்.

"வெரசா வாடி. ஒன் எடத்துல யாரையும் ஒக்கார விடல" என்று சொல்லிவிட்டுப் போனாள் பேச்சி.

மதுரையில் டாக்டரம்மா இடது கால் கட்டைப் பிரித்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இங்க பாருங்க" என்றார். பயந்து பயந்து திரும்பினேன். அழுகல் இல்லை. மாதுளை முத்து நிறத்தில் புதுச் சதை!

"பாதத்தை எடுக்க வேண்டியதில்ல. முழுசா ஆற இன்னும் நாளாகும். ஜெல் மட்டும்னு சொல்ல மாட்டேன். நீங்க சர்க்கரையக் குறைச்சீங்க, கால ஊணல, கட்டைத் தொடல. எல்லாம் சேர்ந்துதான்."

அத்தனை நாளும் அழாத மதினி அப்போதுதான் அழுதார். நானும்தான்!

ஊர் திரும்பியதும் என்னால் பொறுக்க முடியவில்லை. வலது காலில் மருந்து தேய்த்தாளே, அது நல்ல கால் என்று தெரியாதா என்று பேச்சியிடம் கேட்டே விட்டேன்.

"தூக்கிட்டு வந்தவளுக்குத் தெரியாதா, எந்தக் காலுன்னு? தொடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிருப்பாக, அதான் மறைக்கிறாள்னு புரிஞ்சுபோச்சு. தொடாமத் திரும்ப எங்களுக்கு மனசு வரல... அவ குடுத்த காலத் தொட்டோம்."

நல்லவேளை, மனுஷருக்கு இரண்டு கால்!