வாழையிலைப் பாட்டுக்காரர்

“ஐயோ, அந்த இலைய அறுத்துடாத! மருதமுத்து எழுதி வச்சிருக்காரு!”

கிணற்றடியிலிருந்து பக்கத்து வீட்டு ருக்மணி போட்ட சத்தத்தில்தான் சிவகாமி அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டாள். ஜப்பான்காரன் ஆட்சி. புருஷன் சங்கரனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போனபின், கைக்குழந்தையோடு காஜா பேராங் என்ற ஊருக்குக் குடிவந்த புதிது. உற்றுப் பார்த்தாள். எறும்பு ஊர்ந்தாற்போல இலை முழுக்கப் பழுப்பு எழுத்து. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அரிவாள் தானாகத் தாழ்ந்தது.

மருதமுத்துவுக்குச் சைக்கிள் பழுதுபார்க்கும் தொழில். ஒரு கால் சூம்பியது. அதனால்தான் சயாமுக்குத் தப்பினார். தாளும் மையும் கண்ணில் படாத காலம். எலுமிச்சை முள்ளால், மரத்திலிருக்கும் இலையிலேயே கீறுவார். கொஞ்ச நேரத்தில் கீறல் பழுப்பாகிவிடும். நரம்பை ஒட்டியே எழுதுவார். “காத்து கிழிச்சாலும் வரிக்கும் வரிக்கும் நடுவுலதான் கிழியும், தங்கச்சி. சொல்லு தப்பிச்சுக்கும்.” இலை காய்வதற்குள் வீட்டுப் பெண்கள், அவர் படிக்கக் கேட்டு, பாட்டை மனப்பாடம் பண்ணிவிட வேண்டும்.

சயாமுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு. அதுதான் அவர் எடுத்துக்கொண்ட சங்கல்பம். காஜா பேராங்கோடு நிற்கவில்லை. செங், செமாபோக் என்று சுற்றூர்களுக்கும் நீண்டுகொண்டே போனது.

“மயிரைக் கட்டி மலையை இழுக்கிறீங்க. உங்க பாட்டைச் சுமந்தே வாழை குலை தள்ள மாட்டேங்குது அண்ணே!” என்பாள் ருக்மணி.

“குலை தள்ளினா மரத்தையே வெட்டிடுவீங்களே!”

முகம் தெரியாதவனுக்கு எப்படிப் பாட்டுக் கட்டுவது? வாசலில் வந்து கேட்பார்: “கோவம் வந்தா என்ன செய்வாரு? எப்படித் தும்முவாரு?” அழகன், வீரன் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்.

சிவகாமியிடம் சொல்ல ஒன்றுமில்லை. “அவரு பேசவே மாட்டாருண்ணே.” உள்ளுக்குள் திகில். சங்கரன் முகமே மங்கிக்கொண்டு வந்தது. பாட்டும் இல்லையென்றால் பிள்ளைக்கு அப்பனை எதைக்கொண்டு காட்டுவாள்? மருதமுத்து விடவில்லை. வருவார், உட்காருவார், முள்ளைக் காதில் செருகிக்கொண்டு போவார்.

ஒருநாள் அவித்த மரவள்ளி வைத்தாள். நாரில்லாத துண்டை அவர் பக்கம் தள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது.

“இப்படித்தாண்ணே... நல்ல துண்டை எம்பக்கம் தள்ளுவாரு. மூஞ்சிய மட்டும் கோழியப் பாக்கறாப்ல அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு.”

மருதமுத்து வாயிலிருந்த கிழங்கை விழுங்கக்கூட இல்லை. விந்தி விந்தி வாழைக்கு ஓடினார்.

“நல்ல துண்டை எம்பக்கம் நகத்தி வச்சு
நாட்டமெல்லாம் கோழிமேல நிறுத்தி வச்சு
சொல்லாத சொல்லையெல்லாம் சோத்துல வச்ச...”

அவர் படிக்கப் படிக்க, கோழியைப் பார்த்தபடி ஒரு மனிதன் சிவகாமியின் எதிரே வந்து உட்கார்ந்தான். தனக்குப் படிக்கத் தெரியாத அந்த இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சங்கரன் திரும்பவில்லை. பிள்ளை அந்தப் பாட்டில்தான் அப்பனைப் பார்த்து வளர்ந்தது.

சண்டை முடிந்து எத்தனையோ வருஷமாயிற்று; மருதமுத்து இப்போது செமாபோக்கில் தன் மகள் வீட்டில் இருக்கிறார். தாள் கடையில் மலிவாகவே கிடைக்கிறது. ஆனாலும் கொல்லை வாழையில் இலை அறுக்கவேண்டுமானால், மகள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அறுக்கிறாள்.