வெள்ளிக்கிழமை ஓசோன்

ஓசோன் அளக்கும் கருவியை அபிஷேகப்பாக்கத்தில் நான் தங்கியிருந்த அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் வைத்திருந்தேன். சுற்றிலும் நெல் வயல். கருவி தகரக் கொட்டகைக்குள் இருக்கும். காற்றை உறிஞ்சும் குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை யாராவது தொட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வளிமண்டல வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, வெளிநாட்டில் ஆராய்ச்சி முடித்துத் திரும்பியும் கல்லூரியில் நான் ஒப்பந்த ஆசிரியைதான். அந்த வருஷம் நிரந்தர இடம் ஒன்று காலியானது. உருப்படியாக ஒரு கட்டுரை வந்தால் கிடைத்துவிடும் என்றார் துறைத் தலைவர்.

கட்டுரைக்கு விஷயமும் தானாக வந்தது. வெயில் இறங்கினால் ஓசோனும் இறங்க வேண்டும். இங்கேயோ வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் மட்டும் விறுவிறுவென்று ஏறியது. நடுவில் இரண்டு வாரம் ஏறாததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வார இறுதியில் குடித்துக் கூத்தடிக்கப் புதுச்சேரிக்கு வரும் வெளியூர்க் கார்களின் புகைதான் காரணம் என்று ஒரு கோட்பாடே கட்டிவிட்டேன். துறைத் தலைவரும் நம்பினார். கட்டுரை முக்கால்வாசி எழுதியாகிவிட்டது.

வழக்கமாக மூலக்குளத்து நெரிசலில் மாட்டி நான் வீடு சேர இருட்டிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லாததால் சீக்கிரமே வந்துவிட்டேன். வீடெங்கும் சாம்பிராணி மணம். அது வாராவாரம் உள்ளதுதான். ஆனால் மாடிப்படியிலும் மணந்தது.

மேலே அண்ணி தூபக்காலைக் குழாயின் வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"எங்க பாப்பா ஒன்னத்தான் நம்பினுகீறா. அந்த வேலய அவளுக்கு நெரந்தரமா ஆக்கிக் குடுத்துடு."

சத்தம் காட்டாமல் கீழே இறங்கிவிட்டேன். கோபம் வந்தது, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. கருவி காற்றுக்குள் புற ஊதா ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி குறைகிறது என்று பார்த்து ஓசோனைக் கணக்கிடும். சாம்பிராணிப் புகையும் அந்த ஒளியை மறைக்கும். அதையெல்லாம் ஓசோன் என்றே அது எழுதி வைத்திருக்கிறது. நானும் வெளியூர்க் கார்களையெல்லாம் திட்டி எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் உள்ளதைச் சொன்னேன். "நல்லவேளை, அச்சுக்குப் போகல" என்றார். சர்வீஸ் செய்ய வேண்டும் என்று அண்ணியிடம் சொல்லிக் கருவியைக் கல்லூரிக்கே எடுத்துப் போய்விட்டேன். நிரந்தர இடம் வேறொருவருக்குப் போனது.

செய்தியைச் சொன்னபோது அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"எல்லாம் என்னாலதான் பாப்பா."

புகை விஷயத்தை யாரோ சொல்லிவிட்டார்கள் என்று பதறிப்போனேன். "அப்படியெல்லாம் இல்ல அண்ணி" என்றேன்.

"ஒனக்கு இன்னா தெரியும்? ஒன் மெஷினுக்கு வாராவாரம் சாம்பிராணி காட்டினு இருந்தேன். நடுவுல எங்கம்மா வூட்டுக்குப் போனப்ப ரெண்டு வாரம் வுட்டுட்டேன். அதான் இப்படி ஆயிட்ச்சி."

அத்தனை வெள்ளிக்கிழமைகளில் நான் தைரியமாக வெளியே காட்டக்கூடியவை புகை கலக்காத அந்த இரண்டு மட்டும்தான். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வேலை கிடைக்காததற்கு அழுகிறேன் என்று நினைத்து அவரும் அழுதார்.