சுண்ணாம்புச் சேவல்

இலங்கை மலையகத்தில் பூனாகலைப் பக்கம், எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் ஒரு பெரிய சக்கரம் உண்டு. அதை ரோதை என்போம். அதில் ஒரு முனி குடியிருந்தது. ஆண்டுக்கொரு வெள்ளைச் சேவல் வெட்டாவிட்டால் ரோதை ஆள் கையைக் கேட்குமாம். அப்பாவுக்கு வேலையே அந்த ரோதையடியில்தான்.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் வெள்ளைக் குஞ்சுகள்தான் பருந்தின் கண்ணில் முதலில் படும். தப்பி வளர்ந்ததை முனிக்குக் கொடுத்துவிடுவோம். ஒரு வருடம் பூசை நெருங்கியபோது எங்கு தேடியும் செம்பட்டைச் சேவல்கள்தான் இருந்தன. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"முனிக்கு நம்ம மேல என்னமோ கோவம். வெள்ளக் குஞ்சே பொரிக்க மாட்டேங்குது."

அம்மாவின் தம்பியான மாமா சிரித்தார். "வெள்ளையா இருக்கறத எல்லாம் வெட்டித் தின்னுட்டா, வெள்ளக் குஞ்சு எங்கேருந்துக்கா வரும்? முனியா வந்து அடைகாக்கும்?"

"வாயக் கழுவுடா!"

மாமா வாயைக் கழுவவில்லை; எங்கள் செம்பட்டைச் சேவலுக்குச் சுண்ணாம்பு பூசினார். பூசாரி அதைக் கையில் தூக்கியபோது தூறல் விழுந்தது.

"என்னப்பா, ஒங்க சேவல் வெள்ளையா வேர்க்குது?" என்றார் பூசாரி.

கூட்டம் சிரித்தது. சேவலுக்குப் பதில் பூசணிக்காயை வெட்டினார்கள். முனி அதற்கு ஒப்புமோ என்று, அதன்பின் தினமும் மாலையில் அம்மா அப்பாவின் விரல்களையே பார்த்தாள்.

பிழைத்த சேவல் எங்கள் கோழிகளோடு திரிந்தது. சில வாரங்களில் ஒரு செம்பட்டைக் கோழி குஞ்சு பொரித்தது. எல்லாம் செம்பட்டை, ஒன்று மட்டும் வெள்ளை! மாமா தலையைச் சொறிந்தார். செம்பட்டைக்குள் வெள்ளை எப்படி ஒளிந்திருந்தது? அது எனக்கு இன்றும் முழுதாக விளங்கவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்த அன்று ஒரு குழப்பமும் இல்லை. சுண்ணாம்பு உள்ளே ஊறிவிட்டது, அவ்வளவுதான்.

"முனி மனசு எறங்கிருச்சு. வர்ற வருசத்துக்கு இதுதான்," என்றாள் அம்மா. குஞ்சின் ஈரம்கூடக் காயவில்லை.

அம்மா கொழுந்தெடுக்கப் போனதும் சோற்றுப் பானையின் கரியைச் சுரண்டி அதன் முதுகில் தேய்த்தேன். இனிப் பருந்துக்கும் தெரியாது, முனிக்கும் தெரியாது. இதன் குஞ்சுகளும் கறுப்பாகவே பிறந்து பிழைத்துக்கொள்ளும்.

அப்போது ஸ்டோரில் ரோதை சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது. அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. என் கை நின்றுவிட்டது.

பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக அந்தக் குஞ்சு தாயிடம் ஓடியது. அதைக் கூப்பிடுவதா, போகட்டும் என்று விடுவதா என்று தெரியாமல் கரிக்கையோடு நின்றேன்.