மூக்குத்தி போட்ட ஜப்பான்காரி

மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் இன்று ஒருவன் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் வாளியிலிருந்து வந்த மயில்துத்தம் கலந்த மைதாப் பசை வாசனை என்னை அறுபதுகளின் தாராவிக்கு, இப்போது மாடிக் கட்டடம் எழும்பிவிட்ட எங்கள் ஒற்றை அறைக்கு இழுத்துப்போனது. அங்கே அப்பா ஓர் ஓட்டலுக்காக ஜப்பான் பாணி மர லாந்தர்கள் செய்தார். பெட்டிப் பலகையை இழைத்துச் சட்டம் கூட்டி, தானே செதுக்கிய மர அச்சில் கறுப்பு மை தடவி, குடை பிடித்த ஜப்பான்காரியை மெல்லிய தாளில் ஒற்றியெடுத்துக் கொடியில் காயப்போட்டு, பிறகு அதே மாதிரிப் பசையால் சட்டத்தில் ஒட்டுவார். ரயில் போகும்போதெல்லாம் கொடியிலிருக்கும் அத்தனை ஜப்பான்காரிகளும் சேர்ந்து தலையாட்டுவார்கள்.

அவள் மூக்கில் மிளகளவு புள்ளி இருந்ததைக் கண்டுபிடித்தவள் எட்டு வயது நான்தான். வாய் சும்மா இருந்ததா? "ஜப்பான்காரி எங்கயாவது மூக்குத்தி போடுவாளாப்பா? ஓட்டல்ல சிரிப்பாங்க" என்று நாள் பூராவும் நச்சரித்தேன்.

"சரிதாம்ட்டி" என்றார் அப்பா. உளியை எடுத்து, அச்சில் புடைத்து நின்ற அந்தப் புள்ளியைச் சீவிவிட்டார்.

மறுநாள் எதிர்வீட்டு அத்தை வந்து, காய்கிற தாள்களைப் பார்த்தாள். "என்னண்ணே, மூக்குத்திய எங்க? அது இருந்தாத்தான மதினி முகம்!"

என்னைப் பெற்ற மறுமாதமே போய்விட்ட அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. மூக்குத்தியோடு ஒற்றிய தாள்களெல்லாம் முதல் லாந்தர்களோடு ஓட்டலுக்குப் போயிருந்தன. அங்கே யாரும் சிரிக்கவும் இல்லை.

ரயில் போனது. கொடியில் யாரோ ஒரு ஜப்பான்காரி வரிசையாகத் தலையாட்டினாள்.