நான் எடுக்காத நாற்பது மணி நேரம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"சார், என் பேர் அபிராமி. சாலைக் கடைத்தெருவுல அரிசி மண்டி வச்சிருக்கோம். நீங்க எனக்கு நாப்பது மணி நேரம் கிளாஸ் எடுத்திருக்கீங்க. ஓர்மை இருக்கா?"

"இல்லையேம்மா. நாம பார்த்ததே இல்லையே?"

"எனக்கும் ஓர்மை இல்ல சார். அதுக்குத்தான் விளிச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

நம் ஊரில் அரசு நடத்தும் தொழில்நுட்ப இன்குபேட்டர் ஒன்று இருக்கிறது. ஐடியாவோடு வரும் பிள்ளைகளுக்கு அறை, கரண்ட், மெஷின் எல்லாம் கொடுத்து, கம்பெனியாக வளர்த்து வெளியே அனுப்பும் இடம். அபிராமி மூன்று வருடமாக அங்கே ஒரு கருவி செய்கிறாள். அரிசி மூட்டைக்குள் செருகினால், உள்ளே ஈரம் எவ்வளவு என்று போனில் சொல்லும். வெயில் நாளில் சரியாகச் சொல்கிறது. மழை பெய்தால் உளறுகிறது. திருவனந்தபுரத்தில் மழை பெய்யாத நாள் எத்தனை, சொல்லுங்கள்?

சரிசெய்ய இன்னும் ஆறு மாதம் கேட்டாள். பதில் வந்தது: 'நாற்பது மணி நேர நிபுணர் வழிகாட்டுதல் பெற்றும் போதிய முன்னேற்றம் இல்லை. அறையைக் காலி செய்யவும்.'

அந்த நிபுணர்? சாட்சாத் நானேதான்!

நான் பேங்க்கில் சிறுதொழில் கடன் பார்த்து ரிட்டயர் ஆனவன். இரண்டு வருடம் முன்பு அந்த இன்குபேட்டரில் 'மென்டர்', அதாவது வழிகாட்டி, ஆகச் சொல்லி ஒரு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். மதியம் இலைச்சாப்பாடு. பாயசம் பரிமாறும்போது கத்தையாகத் தாள்கள் வந்தன. 'மணி நேரம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. பிறகு எழுதிக்கொள்வார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். எழுதிக்கொண்டுவிட்டார்கள்!

வலியசாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "வாசிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்வேளே!" என்றாள் மனைவி.

மறுநாள் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. என்னோடு தமிழில் பேச வேண்டும் என்று மெனக்கெடுபவர்.

"சாரே, கவர்மென்ட் பைசா ஒண்ணாயிட்டு வராது. தவணை தவணையா வரும். ஓரோ தவணைக்கும் ஃபாரம் உண்டு. எத்தனை கம்பெனி, எத்தனை பேருக்கு ஜோலி, மென்டர் எத்தனை மணிக்கூர்... அது குறைஞ்சா அடுத்த தவணை நிக்கும். பின்னே இங்க உள்ள பதினாறு கம்பெனியும் எங்க போகும்?"

"கருவி வேலை செய்யுதான்னு ஃபாரத்துல கேக்கலையா?"

"அதுக்கு கட்டம் இல்லல்லோ சாரே."

கோழிப்பண்ணை இன்குபேட்டரில்கூடக் குஞ்சு பொரித்ததா என்றுதான் கேட்பார்கள். பல்பு எத்தனை மணி நேரம் எரிந்தது என்றா கேட்பார்கள்?

அபிராமியின் விஷயத்தை முடிவு செய்ய வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுவதாக இருந்தது. அதுவரை எனக்கு இதே யோசனைதான். உண்மையைச் சொன்னால் பதினாறு கம்பெனிகளுக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் ஒரு பெண் தெருவுக்கு வருகிறாள். இரண்டுக்கும் நடுவே இன்னொன்றும் உறுத்தியது... என் பெயர் கெடுமே! அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வராந்தாவில் அபிராமி ஒரு சின்ன அரிசிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கூப்பிட ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அந்தக் கருவி எங்கே தடுமாறுகிறது என்று எனக்கு விளக்கினாள். முட்டாள்தனமாக ஏழெட்டுக் கேள்வி கேட்டேன். ஒன்றை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டாள். எதை என்று எனக்குத் தெரியாது.

உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். "நாற்பது மணி நேரம் இல்லை. நாற்பது நிமிஷம்கூட இல்லை. நான் சாப்பிட்டேன், கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுடையது. அதற்கு இந்தப் பெண்ணைத் தண்டிக்காதீர்கள்."

தலைவியாக இருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ மற்ற கம்பெனிகளோட மணி நேரமும் இப்படித்தானா?"

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

"என் கையெழுத்துக்கு மட்டும்தான் மேடம் நான் பதில் சொல்ல முடியும்" என்றேன்.

நேற்று மேனேஜர் கூப்பிட்டார். "அபிராமிக்கு ஆறு மாசம் கிட்டி, சாரே."

அப்பாடா என்றேன்.

"பக்ஷே தவணையை நிறுத்தி வச்சிருக்காங்க. எழுதின மணிக்கூரெல்லாம் நிஜமாவே கிளாஸ் எடுத்துக் காட்டினாத்தான் விடுவாங்களாம். மற்ற மென்டர்மார் யாரும் போன் எடுக்கல. கரண்ட் பில்லுக்கு இந்த மாசம் மட்டும்தான் பைசா உண்டு. சாரு வருவீங்களா?"

கரண்ட் நின்றால் அவளுக்குக் கிடைத்த ஆறு மாதத்தை வைத்து என்ன செய்வது? பதினாறு அறையும் இருட்டாகிவிட்டால்? நான் நல்லது செய்தேனா, எல்லோரையும் சேர்த்து மாட்டிவிட்டேனா... இன்னும் தெரியவில்லை.

இதை இன்குபேட்டருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அந்த வராந்தாவையும் சேர்த்துக்கொண்டால், பாக்கி முப்பத்தொன்பது மணி நேரம்.