ஆறாவதை மட்டும் விழ விடமாட்டார்

எனக்கு ஒரு புழுவின் மேல் நான்கு வருடமாகப் பொறாமை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அது உயிருள்ள புழுகூட இல்லை. என் வீட்டுக்காரர் விளையாடுகிற கேம் மிஷினுக்குள் குடியிருக்கும், தலையில் ஒற்றை இலை முளைத்த பச்சைப் புழு.

எங்கள் தோட்டம் வேலந்தாவளத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. தென்னையும் எட்டுக் கறவை மாடும். மூன்றரை மணிக்குக் கறந்தால்தான் நாலரைக்குள் சொசைட்டிக்குப் பால் போய்ச் சேரும். மத்தியானச் சோற்றுக்கும் கறவைக்கும் நடுவில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் மற்ற வீட்டு ஆண்கள் தூங்குவார்கள். இவர் கட்டிலில் சம்மணம் போட்டு அந்த மிஷினைக் கையில் எடுத்துக்கொள்வார். கல்யாணமாகி வந்த புதிதில், பேச ஆள் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

விளையாட்டு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஆளுக்கு ஆறு பிராணிகள். ஒவ்வொன்றாகக் களத்தில் இறக்கி மோத விடவேண்டும். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் உயிர்க்கோடு ஒன்று இருக்கும். பச்சையில் தொடங்கும், அடிபட அடிபட மஞ்சளாகும், சிவப்பாகும், தீர்ந்தால் பிராணி விழுந்துவிடும். செத்துப்போகாது, அதுதான் இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த விஷயம். ரத்தம் கிடையாது, அழுகை கிடையாது. மயங்கி விழுந்து, அதை அடைத்து வைக்கிற உருண்டைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். விளையாட்டுக்குள்ளேயே இருக்கிற வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் மணி அடிக்கிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறும் விழுந்தால்தான் தோல்வி. இரண்டு மனிதர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் ஆட்டத்தில் வைத்தியசாலைக்குக்கூடப் போகவேண்டாம். ஆட்டம் முடிந்ததுமே விழுந்ததெல்லாம் தானாக எழுந்து நிற்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் வயிற்றெரிச்சல் முழுக்க இதில்தான் இருக்கிறது.

அந்தப் புழு எப்போதும் ஆறாவது இடத்தில் இருக்கும். அதற்கு ஒரு பெயர். அவருடைய அத்தை மகளை வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயர். முறைப்பெண், சின்ன வயதிலிருந்து இவருக்குத்தான் என்று பேசி வைத்திருந்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று விட்டுவிட்டார்கள். இப்போது அவள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். கோயமுத்தூரில் இரண்டு பேரும் படித்த காலத்தில், ஆளுக்கொரு மிஷின் வைத்துக்கொண்டு பிராணி மாற்றிக்கொண்டார்களாம். இவருடைய நல்ல கழுகு அவளுக்குப் போயிற்று, அவளுடைய புழு இவரிடம் வந்தது. அதன்பின் இவர் மூன்று மிஷின் மாற்றியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்தப் புழுவைப் பழையதிலிருந்து புதியதற்குப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

பெயரையாவது மாற்றித் தொலைக்கலாமே என்று கேட்டேன். மாற்ற முடியாதாம், கொடுத்தவர் வைத்த பெயரை வாங்கியவர் தொட முடியாது என்பது விளையாட்டின் சட்டமாம். இது எந்த ஊர் நியாயம்? வேலந்தாவளம் சந்தையில் மாட்டை விற்கிறவர் கயிற்றை அவிழ்த்துத் தன்னிடமே வைத்துக்கொள்வார். வாங்கினவர் புதுக்கயிறு போட்டு, தன் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி ஓட்டிக்கொண்டு போவார். மாடும் பழகிவிடும். இவளோ கயிற்றோடு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பிறந்த வீட்டுக்குப் போனபோது என் தம்பியிடமிருந்த பழைய மிஷினைக் கேட்டு வாங்கி வந்தேன். ஆறு மாதம் படித்தேன் என்றே சொல்லவேண்டும். தண்ணீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு செடியை எரிக்கும், செடி தண்ணீரை உறிஞ்சும். எது எதற்கு எமன் என்று கணக்கு நோட்டில் எழுதி வைத்துப் பருப்பு வேகிற நேரத்தில் மனப்பாடம் செய்தேன். முதுகில் தணல் புகையும் காட்டுப்பன்றி ஒன்றைப் பிடித்து வளர்த்தேன். எதற்கு என்று ஒளிக்கமாட்டேன். அந்தப் புழுவைச் சுட்டு விழவைக்கத்தான். அவள் பெயரைப் போட்டு, விழுந்துவிட்டது என்று திரையில் எழுத்து வருவதை நான் பார்க்கவேண்டும். அவர் அதைப் பார்ப்பதையும் பார்க்கவேண்டும்.

நடக்கவில்லை. முதலில் ஒரு மாதம் நான் தோற்றேன். என் பிராணிகளை அவர் கொஞ்சமும் இரக்கமில்லாமல் ஒவ்வொன்றாகச் சாய்த்துவிட்டு டீ கேட்பார். அப்புறம் நான் தேறிவிட்டேன். அவருடைய ஐந்தும் விழும். அடுத்ததை இறக்குங்கள் என்று திரை கேட்கும். அவர் புழுவை இறக்கமாட்டார், 'தோற்றேன்' என்ற பொத்தானை அழுத்திவிடுவார்.

"போதும் புள்ள, பால் கறக்கற நேரமாச்சு" என்பார். மணி மூன்றுகூட ஆகியிருக்காது.

நான் ஜெயித்ததாகத் திரையில் வரும். என்ன ஜெயிப்பு அது? ஆட்டம் முடிந்தால் எழுந்து நிற்கப்போகிற ஒரு பொம்மைப் புழு ஒரு நிமிஷம் மயங்கி விழுவதைக்கூட இந்த மனிதனால் பார்க்க முடியவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து நான் மூன்று நாள் படுத்தபோது மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தேங்காய் போடப் போனவர் இவர். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, அந்தப் புழுவ ஒருக்கா உட்டுத்தான் பாருங்களே."

அது சின்னது, தாங்காது என்றார். அவ்வளவுதான். எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார். கோயில் காளைக்கு அடி கிடையாது, உழவு மாட்டுக்குத்தான் தார்க்குச்சி என்று முணுமுணுத்துக்கொண்டு நான் பாத்திரம் கழுவினேன். அன்றைக்கு இரண்டு டம்ளர் நசுங்கின.

போன மாரியம்மன் நோம்பிக்கு அவள் வந்தாள். நான் நினைத்த மாதிரி இல்லை. கொஞ்சம் பருத்து, கலகலவென்று பேசிக்கொண்டு, எனக்கென்று ஒரு சேலையும் எடுத்து வந்திருந்தாள். சேலை நன்றாகவே இருந்தது, அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. சாப்பிட்ட பிறகு கட்டிலில் கிடந்த மிஷினைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் இன்னுமா என்று எடுத்தாள். இவர் ஆறாவது இடத்தைத் திறந்து அவளிடம் காட்டினார். பரீட்சை மார்க்கைக் காட்டுகிற முகத்தோடு காட்டினார்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்ன பிராணி என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பெயரைப் படித்த பிறகுதான் சிரித்தாள்.

"ஐயே, இதையா மச்சான் இன்னும் வெச்சிருக்கறீங்க? நானு எல்லாத்தையும் அப்பவே அழிச்சுப்போட்டனே."

கழுகும் போயிற்றா என்று இவர் கேட்டார். எந்தக் கழுகு என்று அவள் கேட்டாள். உடனே மெல்போர்னில் வீட்டு வாடகை எவ்வளவு என்று பேச்சு வேறெங்கோ போய்விட்டது. இவர் மிஷினை அணைத்து உறையில் போட்டு வைத்தார். நான் சந்தோஷத்தில் குதித்திருக்கவேண்டும். ஆனால் வந்தது வேறு. நான்கு வருடம் நான் மல்லுக்கட்டியது இவளோடு, இவள் களத்துக்கே வரவில்லை. வராமலே ஜெயித்தவளிடம் எப்படி மோதுவது?

நோம்பி முடிந்து அவள் ஊருக்குப் போன மறுநாள் விளையாடினோம். ஐந்தும் விழுந்தன. அவர் பொத்தானை அழுத்துவார் என்று நான் எழுந்து சேலையைக்கூட உதறிவிட்டேன். திரையில் புழு வந்து நின்றது. இவ்வளவு அருகில் அதை நான் பார்த்ததே இல்லை. நின்ற இடத்தில் தலையிலிருந்த இலையை ஆட்டிக்கொண்டிருந்தது. காட்டுப்பன்றியை விட்டு நெருப்பை ஒரே ஊது ஊதச் சொன்னேன். உயிர்க்கோடு பச்சையிலிருந்து ஒன்றுமில்லாததற்கு ஒரே இறக்கமாக இறங்கிற்று. அவள் பெயர் வந்தது, விழுந்துவிட்டது என்று வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பால் கறந்து முடிக்கிற வரைக்கும் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், விழவைத்தது என் பன்றி இல்லை. எந்தக் கழுகு என்று அவள் கேட்ட ஒரு வார்த்தைதான். அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

புழுவை அவர் அழிக்கவில்லை. மிஷினுக்குள் இருக்கிற சேமிப்புப் பெட்டியில் போட்டுவிட்டார். ஆறாவது இடம் காலியாக இருந்தது. ஒரு வாரம் கழித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, உன்னிடமிருந்து ஒன்று கொடேன் என்றார். கையிலிருந்த கரண்டியை நான் குழம்புக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

மூன்று நாள் தேடி ஒரு நண்டைப் பிடித்தேன். ஓடைத் தண்ணீரில் இருக்கிற, கல் ஓடு போட்ட நண்டு. நன்றாகத் தேற்றினேன். பெயர் வைக்கச் சொல்லித் திரை கேட்டபோது, என் பிறந்த வீட்டில் என்னைக் கூப்பிடுகிற பெயரை வைத்தேன். இந்த வீட்டில் அந்தப் பெயர் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை. இனி யாராலும் மாற்ற முடியாது என்று தெரிந்துதான் வைத்தேன். நானும் கயிற்றோடுதான் கொடுத்தேன். அவர் வாங்கி, பெயரைப் படித்து, ஆறாவது இடத்தில் வைத்தார்.

அன்றிலிருந்து நான் காத்திருந்தேன். அவருடைய ஐந்தும் விழவேண்டும், அடுத்ததை இறக்கு என்று திரை கேட்கவேண்டும், அவர் பால் நேரம் என்று பொய் சொல்லி எழுந்து போகவேண்டும். எனக்கு வேண்டியது அந்தப் பொய் ஒன்றுதான்.

நேற்று ஐந்தும் விழுந்தன. என் பக்கம் கொடி சுற்றிய ஆடு நின்றது. செடி இனம், நண்டுக்கு எமன். அது அவருக்கும் தெரியும். மணி மூன்றரை தாண்டிவிட்டது, தொழுவத்தில் மாடு கத்திக்கொண்டிருந்தது. நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்காமல் நண்டை இறக்கினார்.

நான் 'தோற்றேன்' பொத்தானை அழுத்தியிருக்கலாம். ஆத்திரத்தில் கை ஆட்டைத்தான் ஏவிற்று. நண்டு ஒரு அடி தாங்கிற்று, கோடு சிவப்புக்கு வந்தது. இரண்டாவது அடியில் சாய்ந்தது. என் பெயர் வந்தது, விழுந்துவிட்டது என்று வந்தது.

"உன்னுதுதான, தாங்கும்னு உட்டேன்" என்று சொல்லிவிட்டு, பால் வாளியை எடுத்துக்கொண்டு அவர் தொழுவத்துக்குப் போனார்.